ஈக்காட்டுச் சபையும் ஒரு துண்டு நிலமும்

அம்பத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

இன்று ஈக்காட்டுக்குப் போய் வந்தேன். ஆவடி தாண்டினால் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று 1856இல் போட்ட தடத்திலேயே மின்ரயில் திருவள்ளூருக்குப் போகிறது. அங்கிருந்து ஈக்காடு கொஞ்ச தூரம்தான். திருநின்றவூரில் பூசலார் நினைவு வந்தது. பொருள் கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகளில் முதலில் சேர்ந்தவர்களுக்கோ, குடிசை போட்ட மண்ணே சொந்தமில்லை.

இந்தச் சபைகளை உருவாக்கியது மெதடிஸ்ட் மிஷன். 1814இல் இலங்கையில் இறங்கிய அதன் மிஷனரிகளில் ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் மெட்ராஸ் வந்தார். ஆனால் அந்த மிஷன் இங்கே வேர்பிடித்தது 1880களுக்குப் பிறகு, ஷெட்லாந்து தீவுக்காரரான வில்லியம் கௌடியின் காலத்தில். அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் சேரி மக்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார் வைத்ததே சட்டம். தரிசு நிலம் கேட்டு ஏழை தர்காஸ்து (விண்ணப்பம்) கொடுத்தால் அவர் தடுக்கலாம். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வைக்கலாம். இதைக் கண்ட கௌடி பிரசங்கத்தோடு நிற்கவில்லை, நிலத்துக்காகவும் வாதாடினார். கலெக்டர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணையும் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

நான் ஈக்காட்டுத் தேவாலயத்துக்குப் போன நேரம் அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், நெல், ஒரு சேவல் எல்லாம் பீடத்தின் முன்னால் இருந்தன. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு அம்மா தன் கொல்லையில் காய்த்த முருங்கையைக் கொண்டுவந்து வைத்தார். "எங்க மனையில காய்ச்சது" என்றார். அந்த 'எங்க' என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை தலைமுறைப் பாடு!

1947 செப்டம்பர் 27 முதல் இந்த மெதடிஸ்ட் சபையார் தென்னிந்தியத் திருச்சபையினர். திருவள்ளூரில் கௌடி பெயரில் மேல்நிலைப்பள்ளியும் இருக்கிறது. ஆனால் நிலக்கணக்கு இன்னும் தீரவில்லை. பஞ்சமி நிலம் எவ்வளவோ கைமாறிவிட்டது. காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

பழைய தேவாலயம் என்றால் நீ வளைவையும் தூணையும் பார்ப்பாய். அடுத்த முறை சேர்ந்து போவோம். கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் பெரியவர்களிடம் உட்கார்ந்து, மனைப்பட்டா எப்போது கைக்கு வந்தது என்று கேட்போம். சபையின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி