வவுச்சர் இல்லாத நட்சத்திரம்

பி.காம். படித்தவனுக்கு சஸ்பென்ஸ் என்றால் ஹிட்ச்காக் ஞாபகத்துக்கு வரமாட்டார். சஸ்பென்ஸ் அக்கவுன்ட்தான் வரும். ட்ரையல் பேலன்ஸில் 37 ரூபாய் இடிக்கிறது. ராத்திரி மணி பதினொன்று. அந்த 37 ரூபாயைத் தற்காலிகமாக உட்காரவைக்கிற திண்ணைதான் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். மறுநாள் பில்களைப் புரட்டி, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து நேர் செய்யவேண்டும். கெட்டிக்கார குமாஸ்தா இதையெல்லாம் செய்யமாட்டார். ‘இதர செலவு’ என்று ஒரு வரி எழுதுவார். கணக்கு டாலி. பார்க்கவும் லட்சணமாக இருக்கும், ‘வவுச்சர் எங்கே சார்?’ என்று ஆடிட்டர் கேட்கிற வரைக்கும்.

வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு இன்று இதே சிக்கல் வந்திருக்கிறது.

அவர்களுக்கு மேகம்கூட இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி காற்று. நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது என்று குழந்தைக்குச் சொல்கிறோமே, அது நட்சத்திரத்தின் வேலை இல்லை. தலைக்கு மேலே சூடும் குளிருமாகப் புரளும் காற்று ஒளியை அலைக்கழிக்கிறது. அதனால், ஊசிமுனைப் புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரம் படத்தில் சின்ன இட்லி மாதிரி உப்பிவிடுகிறது. சாதாரணமாக இரண்டு, மூன்று ஆர்க்செகண்ட் அகலத்துக்கு. இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை 5 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு சின்னதாகத் தெரியுமோ, அது ஒரு ஆர்க்செகண்ட். அற்பமான அளவுதான். ஆனால் நெபுலாக்களின் நுணுக்கமெல்லாம் அந்த அற்பத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கலங்கலைத் தெளியவைக்க ஒரு பழைய வழி உண்டு. 1972-ல் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவரும், 1974-ல் லியோன் லூசி என்பவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு. ஒரு நட்சத்திரம் எப்படிக் கலங்கியிருக்கிறது என்று தெரிந்தால், மொத்தப் படமும் எப்படிக் கலங்கியிருக்கும் என்று தெரியும். அதைத் தலைகீழாகப் போட்டுப் பிரிக்கலாம். 1990-ல் ஹப்பிள் தொலைநோக்கி மேலே போனபோது, அதன் கண்ணாடியின் விளிம்பு 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்ந்திருந்தது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பரில் ஆட்கள் போய் நேர் செய்யும்வரை, விஞ்ஞானிகள் இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

என் போன்ற வணிகவியல்காரனுக்கு இது உடனே புரிகிறது. ரிச்சர்ட்சன்-லூசி கணக்கு புதிதாக ஒளி எதையும் சேர்ப்பதில்லை. பக்கத்தில் சிதறிய ஒளியை அதன் சொந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மின் கட்டணத்தில் ஏறிவிட்ட வாடகையை வாடகைத் தலைப்புக்கு மாற்றுகிறோமே, அந்த மாதிரி. மொத்தத் தொகை மாறாது. பேராசைப்பட்டு ரொம்ப முறுக்கினால் நட்சத்திரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். திருட்டு தானே காட்டிக்கொடுக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வேறு ஜாதி. பல்லாயிரம் கூர்மையான படங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கலாக ஒன்றைக் காட்டினால், ‘இது தெளிவாக இருந்தால் இப்படித்தான் இருக்கும்’ என்று தன் பழக்கத்திலிருந்து ஊகித்துப் போடும். இதிலும் தரம் உண்டு. 2022 டிசம்பரில் ரஸ்ஸல் குரோமன் வெளியிட்ட பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் வானப் படங்களுக்கென்றே செய்யப்பட்டது. படத்தின் பகுதிவாரியாக நட்சத்திரங்கள் எப்படி உப்பியிருக்கின்றன என்று பார்த்து, அதற்கேற்றபடி கூர்மையாக்குகிறது. மேல்நாட்டு அமெச்சூர்கள் நிறையப் பேர் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் கல்யாண ஆல்பத்தின் கண்ணிமையைக் கூர்மையாக்கப் பழகிய மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இமை, தலைமுடி, பட்டுச்சேலை ஜரிகை. நெபுலாவைக் கொடுத்தால் அங்கேயும் ஜரிகை தேடும்.

என் அக்கா மகன் முகப்பேர் மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிறான். போன குளிர்காலத்தில் ஓரியன் நெபுலாவை நிமிஷத்துக்கு ஒன்றாக 180 படங்கள் எடுத்து, அடுக்கி ஒன்றாக்கினான். மகள் படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அதற்குப் பெரிசாக பிரின்ட் போடவேண்டும். கையில் இருந்த ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு எடுத்துவந்து காட்டினான்.

“எப்படி இருக்கு மாமா?”

“பிரமாதம்டா. அதென்ன, நடுவுல கற்றை கற்றையா முடி மாதிரி?”

“அதான் எனக்கும் உறுத்துது மாமா. நான் எடுத்த ஒரு படத்துலயும் அது இல்லை.”

அவன் அதோடு விடவில்லை. 180 படங்களை 90, 90 ஆகப் பிரித்து இரண்டு கூறாக்கினான். இரண்டையும் தனித்தனியாக அடுக்கி, தனித்தனியாக அதே மென்பொருளில் கூர்மையாக்கினான். நெபுலாவின் பெரிய மடிப்புகள் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தன. முடிக்கற்றை மட்டும் ஒன்றில் இடப்பக்கம் வளைந்தது, இன்னொன்றில் வலப்பக்கம். உண்மை இரண்டு முறை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும். இட்டுக்கட்டியது தடுமாறிவிடும். போலீஸ்காரர்கள் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பது இதனால்தான். 2019-ல் உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படத்துக்கும் இதைத்தான் செய்தார்கள். நான்கு குழுக்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் படத்தை உருவாக்கின. நான்கிலும் வளையம் வந்த பிறகுதான் மேற்கொண்டு போனார்கள்.

அக்கா மகன் கடைசியில் கொஞ்சம் மங்கலான, பழைய படத்தையே பிரின்ட் போட்டான். “நாற்பது பிள்ளைங்க வந்து பார்க்கும் மாமா. நட்சத்திரம் பிறக்கிற இடம் இதுன்னு என் பொண்ணு விரல் வச்சுக் காட்டுவா. அங்கே இல்லாததைக் காட்டவைக்கக் கூடாது” என்றான்.

இல்லாததைப் பார்க்க மென்பொருள்தான் வேண்டும் என்றில்லை. 1877-ல் இத்தாலியின் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்தார். அமெரிக்காவின் பெர்சிவல் லோவல் அவை செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்று புத்தகங்களே எழுதினார். 1903-ல் மாண்டர் என்ற ஆங்கில வானியலாளர் ஒரு காரியம் செய்தார். பள்ளிச் சிறுவர்களைப் பல தூரங்களில் உட்காரவைத்து, கோடே இல்லாமல் புள்ளிகளும் திட்டுகளும் உள்ள ஒரு படத்தைக் காட்டி, பார்த்ததை வரையச் சொன்னார். பல பிள்ளைகள் கோடு போட்டார்கள். கண்ணுக்குப் பிடிபடாததை மூளை கோடாகச் சேர்த்துவிடுகிறது. 1965-ல் மரினர் 4 பக்கத்தில் போய்ப் படம் எடுத்தபோது கால்வாய் ஒன்றையும் காணோம்.

நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து சாம்சங் போனில் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போனில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கங்களை மேம்படுத்துகிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதால், பள்ளங்கள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அது நீங்கள் எடுத்த நிலா இல்லை. வவுச்சர் வேறு யார் பேரிலோ இருக்கிறது.

‘அழகுக்குத்தானே சார், இதற்கு எதற்கு ஆடிட்டர்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்ட்ரோமெடா காலக்ஸி விஷயத்தைக் கேளுங்கள். வானத்தில் அதைவிட அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட காலக்ஸி இருக்குமா என்பது சந்தேகம். 2022-ல் பிரான்ஸின் யான் சான்டி, சேவியர் ஸ்ட்ராட்னர், ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர் என்ற மூன்று அமெச்சூர்கள், ஆக்ஸிஜன் வெளியிடும் நீலப்பச்சை ஒளியை மட்டும் வடிகட்டி, பல மணி நேரம் அதைப் படம் எடுத்தார்கள். காலக்ஸிக்குப் பக்கத்தில் மெல்லியதாக ஒரு வில் தெரிந்தது. முழு நிலவைவிட நீளமானது. அதுவரை யாரும் பார்க்காதது. லென்ஸில் ஏதோ பிரதிபலிப்பு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வேறு தொலைநோக்கிகளில், வேறு இடங்களிலிருந்தும் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே வில் இருந்தது. 2023 ஜனவரியில் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார்கள்.

பழைய படங்களை மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு மென்பொருளுக்கு அந்த வில் என்னவாகத் தெரிந்திருக்கும்? அநேகமாக அழுக்கு. துடைத்து, பளபளவென்று, எல்லோருக்கும் தெரிந்த ஆண்ட்ரோமெடாவைத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

அதனால் கூர்மையாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கருவி என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். முதலில் எடுத்த அந்த மங்கலான 180-ஐ மட்டும் அழித்துவிடாதீர்கள்.