கேளாமல் விட்ட கேள்வி

கலைப்பீட மாணவனுக்குக் கணினியின் உள்ளறையில் என்ன அலுவல் என்று நண்பர்கள் நகைத்தனர். எனக்கோ அது குடும்பக் கடன். காலஞ்சென்ற மாமா, தம் தாயாராகிய என் அம்மம்மாவிடம் கேட்டெழுதிய பாடல்களைப் பழைய கணினியொன்றில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை. பொருளற்ற ரோமன் எழுத்துகளே தோன்றின. யுனிகோட் வழக்குக்கு வருமுன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. மாமா பயன்படுத்திய மென்பொருள் எது என்பதை அறிந்தவர் எவருமிலர். அதனை யாரோ நீக்கியும் விட்டிருந்தனர்.

எனினும், நீக்கப்பட்ட மென்பொருளின் சுவடு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எஞ்சியிருப்பதுண்டு. ரெஜிஸ்ட்ரி என்பது பெட்டிக்குள் பெட்டியாக அமைந்த பதிவேடு. பெட்டி ‘கீ’ எனவும், அதனுள் அடங்கிய பெட்டி ‘சப்கீ’ எனவும் வழங்கும். அதனைத் துருவுவதற்காக, மொழியியல் பயின்ற லரி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழியைக் கற்றேன்.

முதலில் எழுதிய நிரல் பயனளிக்கவில்லை. நான் அறிந்த மென்பொருட் பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, ‘இது உண்டா?’ என வினவியது அது. ஒன்றுக்கும் விடையில்லை. அறியாத பெயரை அறிந்த பட்டியலுள் தேடுதல் மடமை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். பேர்ளின் ‘வின்32 டைரெஜிஸ்ட்ரி’ என்னும் தொகுதியில் ‘சப்கீநேம்ஸ்’ என்றொரு செயல் உண்டு. அதற்கு நாம் பெயர் எதனையும் கொடுக்க வேண்டியதில்லை. ‘உன்னுள் இருப்பவை யாவை?’ என்று மட்டுமே அது கேட்கிறது. கிடைத்த ஒவ்வொரு பெயரினுள்ளும் அதே வினாவை எழுப்புமாறு, தன்னைத் தானே அழைக்கும் துணைநிரலொன்றை அமைத்தேன். அடுக்குகள் எத்தனை என முன்கூட்டியே அறிய வேண்டியதில்லை. உள்ளே சப்கீ இல்லையெனில் அது தானே திரும்பிவிடும். நீண்டு வந்த பட்டியலின் நடுவே, நான் ஒருபோதும் கேள்வியுறாத தமிழ்த் தட்டச்சு மென்பொருளொன்றின் பெயர் இருந்தது. அதன் கீழே எழுத்துருவின் பெயரும் இருந்தது.

அவ்வெழுத்துருவைத் தேடிப் பெற்றதும், அருவி வெட்டுப் பாடல்கள் திரையில் விரிந்தன. மகிழ்ச்சியோடு நாணமும் எழுந்தது. முதலாம் ஆண்டில், கள ஆய்வுக்கென நானும் அம்மம்மாவின் முன் அமர்ந்தவனே. தாலாட்டு, ஒப்பாரி என்று தலைப்பிட்ட வினாக்கொத்து என் கையில் இருந்தது. கேட்டவற்றைப் பாடினார், கேளாதவற்றைப் பாடவில்லை. ‘வேறு என்னென்ன பாட்டுத் தெரியும், அம்மம்மா?’ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்று கேட்கத் தெரிகிறது. சொல்ல அவர் இல்லை.