சோறு துறந்த நாற்பது நாட்கள்

சோறு உண்ணாத மனிதரை எங்கள் ஊரார் இரு வகையினராகவே அறிவர். ஒருவர் நோயாளி, மற்றவர் விரதகாரர். கடந்த தை மாதத்திலே இவ்விரு வகையிலும் அடங்காத ஒருவனாக நான் குருக்கள்மடத்திலுள்ள அக்கா வீட்டுக்குச் சென்று சேர்ந்தேன். ஆறு மாத ஆய்வு விடுமுறை வாய்த்திருந்தது. பெட்டியிலே ஒரு பொதி பாதாம் பருப்பு. சட்டைப் பையிலே ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த குருதியில், ஒரு டெசிலீற்றருக்கு 118 மில்லிகிராம் சீனி என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. 126ஐத் தொட்டால் நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடைப்பட்டது அதன் வாயிற்படி. நான் வாயிற்படியில் நின்றேன்.

அந்த வாயிலுக்குள்ளே சென்றவரை நான் நன்கறிவேன். என் தந்தையார் பதினேழு ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர். முதலில் வலக்காற் பெருவிரலை இழந்தார். பின்னர் பாதத்தை இழந்தார். ஈற்றில் சிறுநீரகங்கள் செயலிழக்க, கடந்த ஆண்டு ஆவணியிலே எம்மைவிட்டு நீங்கினார். 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவாளர் எனக் கண்டது. பிறருக்கு அது புள்ளிவிபரம். எனக்கோ அது எங்கள் வீட்டுத் திண்ணையிற் சாத்தப்பட்டிருந்த ஊன்றுகோல்.

ஆகவேதான் நான் இரண்டு காரியங்களை ஒருங்கே தொடங்கினேன். ஒன்று, ‘பேலியோ’ எனப்படும் கற்கால உணவுமுறை. மற்றையது, அன்றாட உடற்பயிற்சி. காலையில் வாவிக்கரையோரமாக அரைமணி நேர விரைநடை. கிழமையில் மூன்று நாட்கள் தண்டாலும் தோப்புக்கரணமும் பாரந்தூக்கலும். நாற்பத்தாறு வயதுவரை நூலகக் கதிரையிலே வளர்ந்த உடம்புக்கு இது சிறிய புரட்சியன்று.

முதல் நாள் மதியம், இரண்டு அவித்த முட்டையும் இறால் பொரியலும் முருங்கையிலைச் சுண்டலும் மாத்திரம் உண்டு எழுந்த என்னை அம்மா கூர்ந்து நோக்கினார்.

“இது எந்தச் சாமிக்கு மனே விரதம்?” என்று வினவினார்.

“கற்கால மனிசருக்கு அம்மா” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இவ்வுணவுமுறையின் வரலாறு கற்காலத்தைப் போன்று பழமையானதன்று. வோல்ட்டர் வோட்லின் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். 1985இல் போய்ட் ஈட்டன், மெல்வின் கொன்னர் என்னும் இருவர் மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியிட்ட கட்டுரையே கற்றோர் கவனத்தை இதன்பால் ஈர்த்தது. லோரன் கோர்டெயின் 2002இல் எழுதிய நூலால் இது மக்களிடையே பரவிற்று. தமிழ்நாட்டிலே நியாண்டர் செல்வனின் நூலும் முகநூற் குழுவும் இதனைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தன. இதன் அடிப்படை வாதம் எளிமையானது. மனித இனம் வேளாண்மை செய்யத் தொடங்கி ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னர் இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேட்டையும் கிழங்கும் கனியும் மீனுமே உணவு. நம் உடம்பு அப்பழைய உணவுக்கே இசைந்தது. ஆதலின் தானியம், பருப்பு, சீனி ஆகியவற்றை விலக்குக என்பதாம்.

வாதம் என்னைக் கவர்ந்தது. ஆயின் அதனை எடுத்துச் சென்ற இடந்தான் பொருந்தவில்லை. வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்தது எங்கள் ஊர். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால், அவன் படும் பக்கம் படுவான்கரை. நாங்கள் குடியிருப்பது எழுவானில். எங்கள் வயல்கள் படுவானில். குருக்கள்மடத்துத் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பகுதியார் ‘பாதை’ என்றே வழங்குவர். நீரின் மீது மிதப்பதற்குப் பாதை என்று பெயரிட்டவர்கள், நெல்லுக்காகவே அதனை அவ்வளவு முறை கடந்தவர்கள். எங்கள் பேச்சில் ‘வேளாண்மை’ என்றால் நெல். சூடடிக்கும் களத்திலே அந்த நெல்லை நெல்லென்றும் சொல்லாது ‘பொலி’ என்று மங்கலமாகக் கூறுவர். அத்தகைய மண்ணிலிருந்து சோற்றை விலக்கப் புறப்பட்டேன்.

முதல் வாரம் பெருந்துன்பம். தலையிடி, தளர்ச்சி, காரணமற்ற சினம். விரைநடையின்போது கால்கள் ஈயமாய்க் கனத்தன. எனினும் ஏழாம் நாள் தராசில் ஏறியபோது இரண்டரைக் கிலோ குறைந்திருக்கக் கண்டு மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி அறியாமையின்பாற்பட்டது என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். மாப்பொருளின் ஒரு பகுதியை நம் உடம்பு கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கின்றது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கின்றது. சோற்றை நிறுத்தியதும் அச்சேமிப்புக் கரைகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. நான் இழந்ததிற் பெரும்பகுதி கொழுப்பன்று, தண்ணீரே. தசையின் எரிபொருளை ஒழித்துவிட்டு அதே கிழமையில் பாரந்தூக்கவும் புகுந்தமையே என் தளர்ச்சிக்குக் காரணம். என்போன்று தொடங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், மருத்துவரைக் கேளாது மாப்பொருளைச் சடுதியாகக் குறைத்தல் ஆகாது. குருதிச் சீனி அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

இரண்டாம் வாரத்தில் உடம்பு ஓரளவு பழகிற்று. வாவி எனக்குத் துணைநின்றது. இறாலும் நண்டும் மணலை மீனும் விராலும் விடியற்காலையிலேயே துறையிற் கிடைத்தன. பாதாம் பருப்பைக் கைவிட்டேன். அதன் விலை ஒரு காரணம், எங்கள் மணலிலே காய்க்கும் மரமுந்திரிகை மற்றொரு காரணம். படுவான்கரையின் எருமைத் தயிரை உண்ணலாமா என்பதில் மாத்திரம் குழப்பம் நேர்ந்தது. கோர்டெயினின் நெறி பாலுணவை முற்றாக மறுக்கின்றது. தமிழ்நாட்டுப் பேலியோவோ வெண்ணெய்க்கும் நெய்க்கும் பாற்கட்டிக்கும் இடமளிக்கின்றது. நான் தமிழ்நாட்டின் பக்கம் சாய்ந்தேன்.

மதிய வேளைகளிலே, கற்கால மனிதர் உண்மையில் எதை உண்டனர் என்று தேடிப் படிக்கலானேன். அதற்கு வெகுதூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. நம் நாட்டின் பாஹியன்கல குகையிலே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் குரங்கையும் மரவணிலையும் தேர்ந்து வேட்டையாடினர் என 2019இல் எழுதினர். வேறு குகைகளிலிருந்து காட்டு ஈரப்பலாவினதும், சிங்களத்திலே ‘கெக்குன’ எனப்படும் காட்டுக்கொட்டையினதும் கரிந்த எச்சங்கள் கிடைத்துள்ளன. ஈரப்பலா மாப்பொருள் மிக்கது. தானியமும் கற்காலத்தவருக்கு அந்நியமன்று. கலிலேயாக் கடலோரத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்துக் கல்லில் அரைத்துள்ளனர். யோர்தானிலே வேளாண்மைக்கு நாலாயிரம் ஆண்டுகள் முந்திய அடுப்பொன்றில் உரொட்டியின் கரிந்த துணுக்குகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

இவை யாவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவாத் தீவு. சுவீடன் நாட்டு மருத்துவர் ஸ்டஃபான் லிண்டபெர்க் 1989இல் அங்கு சென்று ஆராய்ந்தார். வள்ளிக்கிழங்கும் கனியும் மீனும் தேங்காயும் உண்ட அம்மக்களிடையே மாரடைப்போ பாரிசவாதமோ அவருக்குத் தென்படவில்லை. அவர்கள் உணவாற் பெற்ற சக்தியில் மூன்றிலிரு பங்குக்கு மேல் மாப்பொருளிலிருந்து வந்தது. கற்கால உணவின் சான்றாகக் காட்டப்படும் அம்மக்கள் மாப்பொருளை விலக்கியவர் அல்லர். மீனும் தேங்காயும் கிழங்கும் என்று படித்தபோது எங்கள் வாவிக்கரைக் குடிசைகளே என் நினைவில் எழுந்தன.

இருபத்திரண்டாம் நாள். மாரிப்போக அறுவடை. அத்தானோடு பாதையில் ஏறிப் படுவான்கரைக்குச் சென்றேன். அறுவடை இயந்திரம் வட்டைக்குள் இறங்கி, அப்பாவும் பதின்மரும் முன்னாளிலே பல நாட்கள் அரிவாளால் அறுத்த நிலத்தை ஒரு காலைப் பொழுதில் அறுத்து முடித்தது. எஞ்சியது நெல் மூட்டைகளைச் சுமந்து உழவு இயந்திரத்தில் ஏற்றுவது. மூன்று வாரப் பாரந்தூக்கலை நம்பி நானும் தோள்கொடுத்தேன். ஐந்தாவது மூட்டையில் கண் இருண்டது, வரம்பிலே அமர்ந்துவிட்டேன். எழுபது வயதை அண்மித்த ஒரு தொழிலாளி, காலையிலே பழஞ்சோறும் தயிரும் பச்சைமிளகாயும் உண்டு வந்தவர், முப்பது மூட்டை சுமந்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி இண்டைக்கு ஒண்டும் தின்னல்லயோ?” என்றார்.

வரம்பில் இருந்தபடி அப்பாவைப் பற்றி எண்ணினேன். என் சிறுபராயத்தில் அவர் கருக்கலிலே எழுந்து, வாவியைக் கடந்து, அப்பால் நெடுந்தூரம் நடந்து வயலை அடைவார். உழைத்துக் களைத்து இருளிலே மீள்வார். அந்நாளில் அவர் உண்ட மூன்று அகப்பைச் சோறு அவருடைய கால்களுக்கும் தோள்களுக்கும் கடனாகவே சென்றது. பிறகு உழவு இயந்திரம் வந்தது; மோட்டார் சைக்கிள் வந்தது; ஈற்றில் அறுவடை இயந்திரமும் வந்தது. நடை குறைந்தது, சுமை குறைந்தது. அகப்பைக் கணக்கு மாத்திரம் மாறவில்லை. நானோ ஒரு நாளும் அவரைப் போல் உழைக்காமல் அவரது அகப்பைக் கணக்கை மட்டும் முதுசமாகப் பெற்றவன்.

முப்பத்துமூன்றாம் நாள் நிகழ்ந்ததையே இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றேன். ஆண்டுத் திவசம் முடியாத வீடாதலின் பொங்கலும் இல்லை, புதிர்ச் சடங்கும் இல்லை. ஆயினும் அம்மா புதுநெல்லில் ஒரு பிடியை ஆலைக்கு அனுப்பாது, மூலையிற் கிடந்த பழைய உரலில் தாமே குற்றிப் புடைத்துச் சோறாக்கினார். அப்பாவின் படத்தின்முன் படைத்த பின்னர் எங்கள் எல்லோருக்கும் பரிமாறினார். அப்பாவின் வயலில், அவர் இல்லாது விளைந்த முதற்போகம் அது. என் முன்னும் ஒரு தட்டு வந்தது.

“எனக்கு வேணாம் அம்மா. இன்னும் ஏழு நாள் கிடக்கு” என்றேன்.

அம்மா மறுமொழி கூறவில்லை. தட்டை எடுத்து, வேறொரு தட்டால் மூடி வைத்தார். மறுநாட் காலை தேநீர் போடக் குசினிக்குள் சென்ற நான், இரண்டு தட்டுகள் மூடிக் கிடப்பதைக் கண்டேன். அம்மாவும் உண்ணவில்லை.

அன்று மாலை கிணற்றடியில் அவரருகே அமர்ந்து காரணம் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அவருக்கு டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னவர் மனே. நான்தான் குறைக்கல்ல. வயலால வாற மனிசன், பாவம் எண்டு போட்டன். அவரும் தின்டார். இப்ப நீ சோத்தைத் தொடாம இருக்கக்குள்ள, நான் போட்ட சோறுதான் அவரக் கொண்டது எண்டு சொல்லாமச் சொல்ற மாதிரிக் கிடக்கு” என்றார்.

நூல்களை அடுக்கி வைத்துப் படித்த எனக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கு விடை தெரியவில்லை. என் உடம்பைக் காக்க நான் விலக்கிய தட்டு, ஒரு வீட்டில் ஐம்பது ஆண்டுகள் சோறு பரிமாறிய கையின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாக மாறியிருந்தது. அது பொய்க் குற்றச்சாட்டு என்பதை எனக்கு உணர்த்தியது அன்று நான் அமர்ந்திருந்த வரம்பு. அவரிடம் அதனையே கூறினேன். அப்பாவைக் கொன்றது சோறன்று. கால்கள் ஓய்ந்ததும், ஓய்ந்த கால்களுக்கு ஏற்ப அகப்பை குறையாததும் சேர்ந்து செய்த வினை அது. குறைக்கும்படி மருத்துவர் சொன்னதை நாங்கள் எல்லோருமே கேட்டிருந்தோம், நான் உட்பட. அம்மா ஏற்றுக்கொண்டாரோ அறியேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

நாற்பது நாட்கள் நிறைவுற்றன. நிறை 84 கிலோவிலிருந்து 79 ஆயிற்று. குருதிச் சீனி 118இலிருந்து 103க்கு இறங்கிற்று. இதனால் பேலியோ வென்றது என்று பறைசாற்ற நான் துணியேன். சீனித் தேநீரும் பாணும் பணிசும் ஒழிந்தமை, நாள்தோறும் நடந்தமை, நேரத்துக்கு உறங்கியமை ஆகியவற்றுள் எது எவ்வளவு செய்தது என்பதை ஒரு தனி உடம்பு பிரித்துரைக்க மாட்டாது. சென்னையிலே ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அதனினும் உறுதியான சான்றாகத் தோன்றுகின்றது. என்னைப் போல் வாயிற்படியில் நின்றோருக்கு அளவான உணவையும் அன்றாட நடையையும் அவர்கள் பழக்கினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 வீதத்தால் குறைந்தது. எவரும் கற்காலத்துக்குத் திரும்பவேண்டியிருக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் மதியம் குசினிக்குள் சென்று, “அம்மா, எனக்கும் சோறு போடுங்க. ஆனா ஒரு அகப்பை” என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். மூடி வைத்த புதுநெல்லரிசிப் பானையைத் திறந்து ஓர் அகப்பை இட்டார். அதனைச் சுற்றி முருங்கையிலைச் சுண்டலும் மணலை மீனும் நிறைய வைத்தார். பழக்கத்தால் கை மீண்டும் பானைக்குள் சென்றது. நிரம்பிய இரண்டாவது அகப்பை என் தட்டின்மேல் ஒரு கணம் நின்றது.

பின்னர் அதனைத் தம் தட்டில் இட்டுக்கொண்டு, என் அருகே பாயில் அமர்ந்து உண்ணத் தொடங்கினார்.