மூடுபனியும் அம்மாவின் விரல்களும்

ஹட்டனில் மூடுபனி இறங்கும் மாலைகளில், லயத்து வாசலில் நின்று நாம் அரிக்கன் லாம்பை உயர்த்துவோம். வெளிச்சம் பனியிற் சிதறிப் பால்போலப் பரவும். கொழுந்தெடுத்துத் திரும்பும் அம்மாவோ அருகில் வரும்வரை தெரியமாட்டாள். குளிரில் விறைத்த அவளுடைய விரல்களைத் தேய்த்துவிடுவோம். உள்ளே இரத்தம் ஓடுகிறதா என்று யார் கண்டார்!

மனிதத் தோலும் மூடுபனியைப் போன்றதே. உட்புகுந்த ஒளியைச் சிதறடித்துவிடும். ஆயினும் லேசர் ஒளி அவ்வாறு சிதறும்போது, மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றுகின்றன. இரத்த அணுக்கள் ஓடுமிடத்தில் அப்புள்ளிகள் துடிப்பதால் படத்தில் மங்கிவிடும். ஓட்டமற்ற இடத்தில் துலக்கமாயிருக்கும். மங்கலே இங்கு அளவுகோல்! 1981இல் பெர்ச்சர், பிரையர்ஸ் என்னும் இருவர், விழித்திரையின் இரத்தவோட்டத்தைக் காண இவ்வழியைக் காட்டினர். ஊசி குத்தவும் வேண்டியதில்லை.

அம்மாவின் சுட்டுவிரல் ஒன்று பின்னர் உணர்விழந்தே போயிற்று. அன்று அவள் கையிற் கொடுக்க நம்மிடம் இருந்தது ஒரு கோப்பைச் சூடான தேத்தண்ணீர்தான்.