தூக்கிப் பார்த்து ஊற்று

எழுபத்தாறு வயதில் ஒப்புக்கொள்வதற்கு என்ன வெட்கம்? 1976-இல் மும்பை செம்பூருக்கு வந்ததிலிருந்து ஏழு கறிவேப்பிலைச் செடிகளைக் கொன்றிருக்கிறேன். ஒன்றுகூடத் தாகத்தில் சாகவில்லை. எல்லாம் நான் ஊற்றி ஊற்றியே செத்தவை.

2024 மே மாதக் கடைசியில் எட்டாவதை வாங்கப் போனேன். தெருமுனையில் நர்சரி போட்டிருக்கும் மாலி (தோட்டக்காரர்) உத்தரப் பிரதேசத்துக்காரர், என் மகன் வயது. விற்க மாட்டேன் என்றுவிட்டார்! "முதல்ல இதைத் தூக்குங்க அங்கிள்" என்று இரண்டு தொட்டிகளை நீட்டினார். இரண்டிலும் மேல்மண் ஒரே மாதிரி காய்ந்திருந்தது. ஒன்று கல்லாய்க் கனத்தது, மற்றது தக்கையாய் எழுந்து வந்தது. "மேல்மண் பொய் சொல்லும். கனம் சொல்லாது."

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியும் என்று நாற்பது வருஷமாக நம்பியவன் நான். மேலே உள்ள மண் முழுக்க ஊறித் ததும்பினால்தான் தண்ணீர் கல்லுக்கே இறங்குமாம். ஆக, ஊறிக் கிடக்கும் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். இன்னொரு சங்கதி: புனே பக்கம் உருளி காஞ்சனிலிருந்து லாரியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றி இறுகின மண் உருண்டை இருக்கும். அதை அப்படியே தென்னை நார்த் தூளில் நட்டால், ஊற்றுவதெல்லாம் பக்கவாட்டில் ஓடிவிடும். உருண்டை உள்ளுக்குள் காய்ந்தே கிடக்கும். தட்டில் தண்ணீர் நிற்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

மாலியின் பிழைப்பு இன்னும் கஷ்டம். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் டிரம்களை நிரப்ப வேண்டும். அந்த வருஷம் ஏரிகளில் இருப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே போய், மே 30 முதல் மாநகராட்சி குடிநீரில் ஐந்து சதவீதம் வெட்டியது. ஜூன் 5 முதல் பத்து. டேங்கர் தண்ணீர் வாங்கினார். உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம், ரோஜா இலை நுனியெல்லாம் கருகல். கிடைத்த நல்ல தண்ணீரை நாற்றுகளுக்கு ஒதுக்கிவிட்டு, உப்புத் தண்ணீரை அரளிக்கும் காகிதப்பூவுக்கும் விட்டார். தாகம் ஒத்த செடிகளை ஓரிடத்தில் நெருக்கி வைத்தார். குழாய்ப் பைப்பைச் சுருட்டி மாட்டிவிட்டுப் பூவாளியை எடுத்தார். பைப்பில் பீய்ச்சினால் பாதித் தண்ணீர் தொட்டிகளின் இடுக்கில்தானே போகிறது.

என் இரண்டு பிள்ளைகளையும் நான் அப்படித்தான் பைப்பில் நனைத்தேன். மூத்தவனுக்கு எந்த டியூஷனோ இளையவனுக்கும் அதே. எவன் கனக்கிறான், எவன் காய்கிறான் என்று தூக்கிப் பார்த்ததில்லை. இளையவன் இப்போதும் வாரம் ஒருமுறை போன் செய்கிறான், இரண்டு நிமிஷம்.

மழை வந்தால் மாலிக்கு விடுதலை என்று நினைத்தேன். தண்டழுகல் வந்தது. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். வேடிக்கை என்னவென்றால், கொட்டும் மழையிலும் அகன்ற இலைச் செடிகள் சில வாடின. இலையே குடையாகி நீரை வெளியே தள்ளிவிடுகிறது. அடைமழையில் பூவாளியோடு நிற்கும் ஒரு மனிதரை அப்போதுதான் பார்த்தேன்.

மும்பையில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, கிட்டத்தட்ட எல்லாம் நாலே மாதத்தில். மிச்ச எட்டு மாதமும் பாட்சா, வைதர்ணா என்று தொலைதூர ஏரிகளையே நம்பியிருக்கிறோம். இதே செம்பூரில் ராஷ்ட்ரீய உர ஆலை நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. எங்கள் சொசைட்டியோ பழைய கட்டடம். மொட்டைமாடி மழை நேரே சாக்கடைக்கு. நூறு சதுர மீட்டர் மாடியில் 2,000 மில்லிமீட்டர் பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர். கூட்டத்தில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். பெயின்ட் விஷயம் முடியட்டும் என்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் மாலி எட்டாவது செடியைக் கொடுத்தார். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அதைத் தூக்கிப் பார்க்கிறேன். சில வாரங்களில் இரண்டு முறைதான் ஊற்ற வேண்டியிருக்கிறது. நேற்று ரசத்துக்கு அதிலிருந்துதான் இரண்டு இணுக்கு கிள்ளினோம்.