நிப்பாட்டினால் நிக்கோணும்

பட்டறை மெசினில் பச்சைப் பட்டன் வேலை செய்யாவிட்டால் அன்றைக்கே ஆள் தேடுவார்கள். சிவப்புப் பட்டனை யார் கவனிக்கிறது? அமத்தினா நிக்கும், அவ்வளவுதானே. நிற்காமலும் போகலாம். நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்.

நாங்கள் மூன்று பேர், வயரிங் வேலைக்குப் போகிறவர்கள். போன வருடம் ஒரு தச்சுப் பட்டறையில் கூப்பிட்டார்கள். மூன்று பேஸ் மோட்டரில் ஓடும் சீவுளி மெசின். ஸ்டொப்பை அமத்த அமத்த ஓடிக்கொண்டே இருந்ததாம். வேலை செய்த பெடியனுக்குப் பலகையை விடவும் ஏலாது, பிடிக்கவும் ஏலாது. கடைசியில் சுவருக்கு ஓடி மெயின் சுவிட்சை இழுத்திருக்கிறான். அதற்குப் பிறகு ஸ்டார்ட்டும் ஆகவில்லை. எங்களைக் கூப்பிட்டது அதுக்குத்தான்.

"பட்டன் பழுதாக்கும், மாத்திவிடுங்கோ தம்பியவை" என்றார் பட்டறை அண்ணை. பட்டனில் ஒரு பழுதும் இல்லை.

ஸ்டார்ட்டருக்குள் இருந்த கொன்டக்டருக்கு 400 வோல்ட் கொயில். ஒரு பேஸ், பியூஸ், ஸ்டொப், ஸ்டார்ட் எல்லாம் தாண்டிக் கொயிலின் ஒரு பக்கத்துக்கு வருகிறது. மற்றப் பக்கம் நேராக இன்னொரு பேஸ். நியூட்ரல் இழுக்கத் தேவையில்லை என்பதால் இப்படிச் செய்வார்கள். ஸ்டார்ட் பட்டனில் இருந்து கொயிலுக்குத் திரும்பும் வயர் மெசினில் உரசி உரசித் தோல் போய், இரும்பைத் தொட்டுவிட்டது. பியூஸ் எரிந்தது. ட்ரிப் சுவிட்ச் இருந்திருந்தால் அப்போதே விழுந்திருக்கும். அடிக்கடி விழுகுது எண்டு அதை எப்பவோ கழட்டியாச்சு.

பியூஸ் எரிந்தும் கொயில் விடவில்லை. ஒரு பக்கம் இரண்டாவது பேஸ், மறுபக்கம் எர்த், இடையில் 230 வோல்ட். கொன்டக்டர் இழுக்கத்தான் கொயிலின் வோல்டேஜில் 85 வீதம் வேண்டும். இழுத்தபிறகு பிடித்துக்கொண்டிருக்க அவ்வளவு தேவையில்லை. 75க்கும் 20க்கும் இடையில் எங்கேயோதான் விடும். 400இல் 230 என்பது 57 வீதம் சொச்சம். அந்த நேரம் சிவப்புப் பட்டன் வெறும் பிளாஸ்டிக் துண்டு.

"அப்ப வயரை மாத்தினாக் காணாதோ?"

காணாது. மரத்தூளும் அதிர்வும் உள்ள இடத்தில் வயர் திரும்பவும் உரசும். உரசினாலும் மெசின் நிற்கவேண்டும். அதற்குத்தான் கொன்ட்ரோல் ட்ரான்ஸ்போமர். 400 உள்ளே போய் 110 வெளியே வரும். வெளியே வரும் இரண்டு முனையில் ஒன்றை எர்த் பண்ணி, கொயிலின் ஒரு பக்கத்துக்கு நேராகக் கொடுத்தோம். மற்றது பியூஸ், ஸ்டொப், ஸ்டார்ட் வழியாக. இப்ப அதே வயர் அதே இரும்பைத் தொட்டால் ட்ரான்ஸ்போமரின் இரண்டு முனையும் சோட். பியூஸ் போகும், கொயிலுக்கு வேறு எங்கிருந்தும் கரண்ட் வராது. சிலர் அந்த எர்த் வயரைக் கொடுக்காமல் விடுவார்கள். விட்டால் முதல் பழுது ஒருவருக்கும் தெரியாமல் கிடக்கும், இரண்டாவது வரும்வரை.

கொயிலையும் 110க்கு மாற்றவேண்டும். 4 கிலோவாட் மோட்டருக்குரிய சின்னக் கொன்டக்டர் பிடித்திருக்க 8 வி.ஏ. அளவுதான் எடுக்கும், இழுக்கும் நொடியில் 60, 70க்குப் போகும். ட்ரான்ஸ்போமர் அதைத் தாங்கோணும். 24 வோல்ட் இன்னும் பாதுகாப்புத்தான். ஆனால் தூள் படிந்த பட்டனுக்குள்ளால் 24 சில நேரம் கடக்காது. எங்கட தெரிவு 110. அதுவும் அடிக்கும், கையை வைக்கச் சொல்லவில்லை.

ஒரு ஸ்டார்ட்டரும் அதிகபட்சம் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ள மெசினுக்கு ட்ரான்ஸ்போமர் கட்டாயமில்லை என்று ஐ.இ.சி. 60204-1 தரமே விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அந்தப் பெடியனுக்குக் காலால் அமத்தும் ஸ்டொப் ஒன்றும், மூடி திறந்தால் நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். அதற்கும் வயர் போகும், அதுவும் உரசும். கால் ஸ்டொப் பூட்டியாச்சு. மூடிச் சுவிட்சை அண்ணை காசுக் கணக்குப் பார்த்து அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார். அதற்கான வயரை இழுத்து, முனையைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம்.