காயல்பட்டினத்துப் பெருநாள் விருந்தும் கர்ப்பிணிப் பெண்ணும்

2023 ஜூன் மாதக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. காயல்பட்டினத்தில் இருக்கும் என் பள்ளித்தோழி, "இந்தத் தடவை நீ வந்தே ஆகணும். மகள் உண்டாகியிருக்கா, ஆறு மாசம்" என்று போனில் சொன்னாள். திருநெல்வேலியில் திருச்செந்தூர் ரயில் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வாழைத் தோட்டங்களைத் தாண்டி, ஆறுமுகநேரிக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடுகளுக்கு நடுவே 'முடுக்கு' என்று குறுகலான சந்துகள். பெண்கள் பெரிய தெருவுக்கு வராமலே அவற்றின் வழியாக ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய் வரலாம். பெருநாளன்று அந்த முடுக்கு முழுக்க நெய் வாசனைதான்!

காலையில் இடியாப்பமும் வட்டலப்பமும். ஆண்கள் தொழுதுவிட்டு வந்ததும் குர்பானி. இறைச்சியை மூன்று பங்கு வைத்து, ஏழைகளுக்கும் உறவுக்காரர்களுக்கும் கொடுத்து, மிச்சம் வீட்டுக்கு. மத்தியானம் நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் போட்ட பருப்பு. 'சஹன்' என்னும் பெரிய தட்டைச் சுற்றி இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நல்ல கறித் துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் அங்கே பிரியம்.

அந்தப் பிரியத்தில்தான் சங்கடமே வந்தது. போன வாரம்தான் மகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்திருந்தார்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 140ஐத் தாண்டிவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாட்டியோ, "ரெண்டு உசுருக்குத் தின்ன வேண்டாமா மவளே?" என்று வட்டலப்பத்தை நீட்டுகிறார். வேண்டாம் என்று சொல்ல முடியாமல் அவள் கண் கலங்கினாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உம்மா, என் கதையைக் கேளுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். 2001ல் மூத்தவனைச் சுமந்தபோது போன வீட்டிலெல்லாம் விருந்து. யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். சர்க்கரை இருந்தது கடைசி வரை தெரியவில்லை. நாலரைக் கிலோ பிள்ளை, ஆபரேஷன். பிறந்ததும் அவனுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி, மூன்று நாள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் வயிற்றுப் பிள்ளை இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். பிறந்த பிறகும் அது நிற்காததால் வரும் வினை இது என்று அப்புறம்தான் டாக்டர் விளக்கினார்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. வட்டலப்பத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

தோழி சஹனுக்குப் பக்கத்திலேயே மகளுக்குத் தனித் தட்டு வைத்தாள். கூடவே உட்கார்ந்த மாதிரியும் ஆச்சு, அளவும் தெரிந்தது. முதலில் வெள்ளரிக்காயும் கொழுப்பில்லாத கறியும், அப்புறம் ஒரு கைப்பிடிச் சோறு. சாப்பிட்டதும் முடுக்கு வழியாகக் கால் மணி நேரம் நடந்தோம். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 112. டாக்டரம்மா 120க்குள் இருக்கச் சொல்லியிருந்தார். பாட்டி முகத்தில்தான் முதலில் சிரிப்பு!

அங்கே நான் கவனித்த இன்னும் சில விஷயங்கள்:

பச்சை இறைச்சியை நறுக்கும் வேலையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவில்லை. கறி உள்ளே சிவப்புத் தெரியாமல் நன்றாக வேக வேண்டும். வட்டலப்பத்தில் முட்டை இருப்பதால் அதுவும் முழுக்க வெந்து கெட்டியாக வேண்டும்.

ஈரல் இரத்தத்துக்கு நல்லது என்போம். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக ஜாஸ்தி. முதல் மூன்று மாதத்தில் அளவு மீறினால் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். தவிர்ப்பதே மேல்.

விருந்து முடிந்த கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். வந்தவர்களெல்லாம் "விசேஷம் உண்டா?" என்றே கேட்க, அவள் தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, போலிக் ஆசிட் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே எடுப்பது நல்லது. பிள்ளையின் தண்டுவடக் குறையைத் தடுக்க அது உதவும். சகோதரிகளே, விருந்துக்கு வரும் பெண்ணிடம் அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். சாப்பாடே இறங்காது.

அக்டோபரில் தோழியிடமிருந்து போன். சுகப் பிரசவம், மூன்று கிலோ, பெண் குழந்தை. "வீட்டுக்கு அடுத்த சொந்தக்காரி வந்தாச்சு!" என்று பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது.